பதினேழு நாள் தூரம்

நெடுந்திட்டு விமான நிலையத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'உப்பூரணி: தூரம் 3,260 கிலோமீட்டர். சாதா விமானம்: ஐந்தரை மணி நேரம். சுருக்கு விமானம்: உள்ளே 22 நிமிடம், வெளியே 17 நாள்.' புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, யாரோ கை தவறி எழுதிவிட்டார்கள் என்று சிரிப்பார்கள். அப்புறம் பக்கத்தில் நிற்பவரிடம் விசாரிப்பார்கள். விசாரித்த பிறகு யாரும் சிரித்ததில்லை.

நெடுந்திட்டு இந்தியப் பெருங்கடலின் நடுவில் மனிதர்கள் கட்டிய தீவு. கடலடியில் உலோகம் எடுக்கிற வேலை. பன்னிரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் தூத்துக்குடி, ராமநாதபுரத்துக்காரர்கள். காய்ச்சல், பிரசவம், கை கால் முறிவு எல்லாவற்றையும் தீவு ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும். நெஞ்சையோ தலையையோ திறக்க வேண்டுமென்றால் உப்பூரணிக்குத்தான் போக வேண்டும். உப்பூரணி மட்டும் பெரிய பட்டணமா என்ன? ராமநாதபுரத்துக் கடற்கரையில் கருவேல முள்ளும் உப்பளமும் தவிர வேறொன்றும் இல்லாத பொட்டல். சுருக்கு விமானம் இறங்குகிற இடத்தைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு ஊர் எதுவும் இருக்கக் கூடாது என்று சட்டம். அதனால் அந்தப் பொட்டலைத் தேடிப் பிடித்து ஓடுபாதை போட்டு, அதன் முடிவிலேயே ஆஸ்பத்திரியைக் கட்டினார்கள்.

சுருக்கு விமானத்தை ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் பூவலிங்கம். மூத்தவர் என்று சொன்னாலும் ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. தலைமுடி கருகருவென்று இருக்கும், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவார். ஒரு தடவை போனால் பதினேழு நாள் உலகத்தில் கழியும், அவர் உடம்பில் கழியாது. மறுநாள் சாதா விமானத்தில் திரும்பி வருவார். முப்பத்திரண்டு வருடத்தில் முன்னூற்று இருபது தடவை போயிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்டப் பதினைந்து வருடம் அவருக்கு வரவே இல்லை. உடம்புக்கு நாற்பத்து நான்கு. காலண்டருக்கு எத்தனை என்று கேட்டால் திரும்பி மனைவியைப் பார்ப்பார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உரிமம், அடையாள அட்டை, காப்பீடு என்று எல்லா ஆவணத்திலும் விமானிகளுக்கு உடல் வயதைத்தான் எழுதுவார்கள். மற்றபடி எந்த வருடம், எந்த மாதம், மகள் வடிவு என்ன படிக்கிறாள், யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாம் மனைவி கனியின் கணக்கு. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கனி பதினேழு நாள் சேதியையும் சொல்லி முடித்துவிடுவாள். வடிவு தவழ்வதைப் பார்த்துவிட்டுப் போனவர் திரும்பி வந்தபோது அவள் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவள் மதுரையில் கல்லூரி ஆசிரியை. அப்பனும் மகளும் சேர்ந்து கடைக்குப் போனால் அண்ணன் தங்கையா என்று கேட்கிறார்கள்.

கனியோடு போனால் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. சண்முகக்கனிக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணத்தன்று அவரைவிட ஐந்து வயது சின்னவள், இன்றைக்குப் பத்து வயது பெரியவள்.

அவரோடு அவளை முடிச்சுப் போட்டதும் இந்தச் சுருக்கு விமானம்தான். பூவலிங்கத்துக்கு அதுதான் முதல் பயணம். கனிமம் பிரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தலையில் இரும்புச் சட்டம் விழுந்துவிட்டது. நினைவில்லாமல் கிடந்தவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கிளம்பி இரண்டு மணி நேரத்தில் விளாத்திகுளத்தில் அவருடைய அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மூத்த மகன் வானத்தில் இருக்கிறான், எந்தச் சேதியும் போய்ச் சேராது. தம்பி கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. பதினேழாம் நாள் பூவலிங்கம் உப்பூரணியில் இறங்கினார். அவருடைய கணக்கில் அப்பா இறந்து அரை மணி நேரம் கூட ஆகவில்லை. ஆனால் ஊரில் தம்பிக்குத் தலைப்பாகை கட்டி, பந்தலைப் பிரித்து, சொந்தக்காரர்கள் எல்லாம் வீடு திரும்பியிருந்தார்கள்.

கனி பிழைத்தாள். விஷயம் தெரிந்ததும் தலைக்கட்டைக் கூடப் பிரிக்காமல் விளாத்திகுளத்துக்கு வந்து அவருடைய அம்மாவின் முன்னால் அழுதாள். "நீ என்னம்மா பண்ணுவ? ஒரு உசுரு போச்சு, ஒரு உசுரு வந்திருக்கு. வந்ததையாவது பாத்துக்கிடுதேன்" என்றாள் அம்மா. மறு வருடம் அம்மாவே பெண் கேட்டுப் போனாள்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே கனி சொன்னாள். "ஏங்க, வர்ற ஆனி உத்திரத்துக்கு உங்களுக்கு அறுபது."

"அறுபதா? எனக்கா?"

"பின்ன எனக்கா? அறுபதாம் கல்யாணம் வைக்கணும். இங்க முருகன் கோயில்லயே வச்சுக்கிடலாம், குருக்கள்கிட்ட பேசிட்டேன். அந்த நேரம் மட்டும் தரையில இருங்க."

பூவலிங்கத்துக்குச் சிரிப்பும் வெட்கமும் வந்தன. கண்ணாடியில் நாற்பத்து நான்கு வயது முகத்தை வைத்துக்கொண்டு அறுபதாம் கல்யாண மாப்பிள்ளையாக உட்காருவதா? ஆனால் கனி முப்பத்திரண்டு வருடத்தில் அவரிடம் கேட்ட நாள் இது ஒன்றுதான். தலைதீபாவளிக்கு அவர் இல்லை. வடிவு பெரியவளானபோது இல்லை. கனியின் அம்மா இறந்தபோதும் வானத்தில்தான் இருந்தார். எதற்கும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. இந்த ஒரு நாளையாவது அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே இருபது நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார்.

விடுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள், காலை பதினொரு மணிக்கு விமான நிலையத்தில் அவசர மணி அடித்தது. ஆனி உத்திரத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

தவமணி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயது. நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாய் கிழியத் தொடங்கியிருந்தது. இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது என்றார் டாக்டர். மற்ற இரண்டு விமானிகளில் இம்மானுவேல் மூன்று நாளைக்கு முன் கிளம்பி இன்னும் சுருக்குக்குள் இருந்தார். இன்னொருவருக்கு அம்மை போட்டிருந்தது.

விமானி மறுக்கலாம். அதற்கென்று மறுப்புச் சீட்டு இருக்கிறது. காரணம் எழுத வேண்டியதில்லை, கையெழுத்துப் போட்டால் போதும். நோயாளியைச் சாதா விமானத்தில் அனுப்புவார்கள். ஐந்தரை மணி நேரம். பூவலிங்கம் அந்தச் சீட்டைப் பார்த்தார். பன்னிரண்டிலிருந்து பதினேழைக் கழிக்க முடியாது என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். ஆனாலும் மனதுக்குள் இரண்டு தடவை கழித்துப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கனி நின்றாள், கையில் தூக்குச்சட்டி.

"கனி..." என்றார்.

"சோறும் ரசமும் இருக்கு. அங்க இறங்குனதும் சாப்பிடுங்க."

"உத்திரத்துக்கு நான்..."

"தெரியும். போங்க, அந்தப் பொண்ணுக்கு நேரம் போகுது. அவளுக்கு ரெண்டு புள்ளைங்களாம்ல? நான் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அதுதான் கனியின் வழக்கம். சுருக்கு விமானத்தில் நோயாளியோடு துணைக்கு ஒரே ஒரு ஆள்தான் போகலாம். மிச்சக் குடும்பம் பதினேழு நாளும் உயிரா சாவா என்று தெரியாமல் தீவில் கிடக்க வேண்டும். அப்படி விட்டுப் போகிற பிள்ளைகள், கண் தெரியாத கிழவிகள், ஒரு தடவை இரண்டு ஆடுகள், எல்லாம் கனி வீட்டில் வந்து சேரும். விமானம் ஓட்டுகிறவருக்குச் சம்பளம் உண்டு, தீவில் எல்லோரும் எழுந்து நின்று கும்பிடுவார்கள். கனி செய்ததற்குப் பெயரே கிடையாது. பூவலிங்கம் அதை அடிக்கடி நினைப்பார், அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கட்டிய மனைவியிடம் போய் நன்றி என்று எப்படிச் சொல்வது, வாய் வராது.

விமானம் ஏறிச் சுருக்குக்குள் நுழைந்ததும் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பால் நிறமாகிவிட்டது. நர்ஸ் அமலோற்பவம் தவமணியின் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணைக்கு வந்த புருஷன் குருசாமி பூவலிங்கத்தின் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"சார், எம்புட்டு தூரம் சார்?"

"மூவாயிரத்து இருநூத்து அறுபது கிலோமீட்டர்."

"எம்புட்டு நேரமாகும்?"

"யாருக்கு?" என்றார் பூவலிங்கம்.

குருசாமி விழித்தான். அமலோற்பவம் திரும்பாமலே பதில் சொன்னாள். "நமக்கு இருபத்திரண்டு நிமிஷம் தம்பி. ஊருக்குப் பதினேழு நாள்."

"அப்ப ரொம்ப வேகமா போறமா?"

"ரொம்ப மெதுவா போறோம். பதினேழு நாளா வானத்துல ஊர்ந்துக்கிட்டு இருக்கோம். ஆனா இந்த வண்டிக்குள்ள இருக்குற உடம்புக்கு அது உறைக்காது. உன் பொண்டாட்டி நெஞ்சுக்குள்ள கிழியுது பாரு, அதுக்கும் இருபத்திரண்டு நிமிஷந்தான் தெரியும். அம்புட்டுக்குத்தான் கிழியும்."

"ஐஸ்ல போட்ட மீன் மாதிரியாக்கா?"

"மீன் செத்த பிறகு ஐஸ்ல போடுவாக. நாங்க சாகுறதுக்கு முன்னாடி போடுறோம்."

குருசாமி இருக்கையின் நுனிக்கு நகர்ந்தான். "அப்ப இதுல ஏறி ஏறிப் போனா வயசே ஆகாதுல்லக்கா?"

"ஒரு பணக்காரர் அப்படித்தான் மனுப் போட்டாரு, நோய் இல்லாமலே ஏத்திக்கிடுங்கன்னு. இந்த அண்ணன்கிட்ட அபிப்பிராயம் கேட்டாக. நல்லா ஏத்துங்க, திரும்பி வந்து பாக்கும்போது அவரைத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, அதையும் சொல்லி ஏத்துங்கன்னாரு. மனுவை வாபஸ் வாங்கிட்டாரு."

குருசாமியின் முகம் மாறியது. "என் சின்னவளுக்கு மூணு வயசுக்கா. பதினேழு நாள்ல என்னை மறந்துருவாளா?"

"மறக்க மாட்டா. கனி மதினி வீட்டுல இருக்காள்ல? தெனமும் உன் போட்டோவைக் காட்டித்தான் சோறு ஊட்டுவாக."

பூவலிங்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். போட்டோ காட்டி ஊட்டுவது அவருக்கே புதிய சேதி. "அமலு, கனி கோவமா இருந்தாளா?" என்று மெல்லக் கேட்டார்.

"மதினியா?" அமலோற்பவம் என்னவோ சொல்ல வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். "போய்க் கேட்டுக்கிடுங்கண்ணே" என்றாள். அவள் சிரிக்கிறாளோ என்று பூவலிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. அடுத்தவர் வீடு இடிந்து கிடக்கும்போது இவளுக்கு என்ன சிரிப்பு என்று கோபமும் வந்தது.

இறங்கியதும் தவமணியை ஓட்டமாகக் கொண்டுபோனார்கள். பூவலிங்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். பதினேழு நாளைக்கு முன் கனி வைத்த ரசம், ஆவி பறந்தது. இதைக் கொதிக்க வைத்தவள் அதற்குப் பிறகு பதினேழு தடவை சமைத்திருப்பாள், ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருப்பாள், வந்தவர்களுக்கு எல்லாம் பதில் சொல்லியிருப்பாள். ரசம் மட்டும் சூடாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் இதே வராந்தாவில் இதைச் சாப்பிடும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அன்றைக்கு அழுதே விட்டார்.

கைபேசியில் கனியிடமிருந்து ஒரே ஒரு சேதி இருந்தது. 'சாப்டீங்களா?'

திட்டி நாலு வரி இருந்தால் கூடத் தெம்பாக இருந்திருக்கும். மாலையில் டாக்டர் வந்து தவமணி பிழைத்துக்கொண்டாள் என்றார். குருசாமி பூவலிங்கத்தின் காலில் விழப் போனான். அவர் பிடித்து நிறுத்தி, "என் கால்ல விழாதய்யா, ஊருக்குப் போனதும் என் வீட்டுக்காரி கால்ல விழு" என்றார்.

மறுநாள் சாதா விமானத்தில் ஐந்தரை மணி நேரமும் என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

வீட்டு வாசலில் கனி தவமணியின் சின்ன மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பெரியவன் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"வந்துட்டீங்களா? தவமணி எப்படி இருக்கா?"

"பொழச்சுட்டா. கண்ணு முழிச்சுட்டா."

"கேட்டியா பாப்பா, உங்க அம்மாவுக்கு நல்லாயிட்டாம்!" என்று கனி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சேதிக்கு அவள் இப்படித்தான் கலங்கியிருக்கிறாள், நல்லதோ கெட்டதோ.

பூவலிங்கம் நின்றுகொண்டே இருந்தார். "கனி, திட்டிரு. மனசுல வச்சுக்கிடாத."

"எதுக்குத் திட்டணும்?"

"உத்திரம் முடிஞ்சு ஆறு நாளாச்சு. வந்தவங்களுக்கெல்லாம் என்ன சொன்ன? வடிவு மதுரையிலேர்ந்து வந்துட்டு அழுதுகிட்டே போனாளா?"

"அவ எதுக்கு இப்ப வாரா? பரீட்சைத் தாள் திருத்துற நேரம். அடுத்த வருஷம் ஒரு மாசம் லீவு போட்டுட்டு வாரேன்னிருக்கா."

"அடுத்த வருஷம் என்ன?"

"உங்க அறுபதாம் கல்யாணம்."

பூவலிங்கம் அப்படியே படியில் உட்கார்ந்தார். கனி பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டி, குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அம்பத்தொம்பது முடிஞ்சு அறுபது நடக்கு. அறுபது முடிஞ்ச பிறகுதான் கல்யாணம். நடக்குற வயசுக்கும் முடிஞ்ச வயசுக்கும் வித்தியாசம் கேக்காத ஒரே ஆம்பளை இந்தத் தீவுலயே நீங்கதான்."

"நீதானே ஆனி உத்திரத்துக்கு அறுபதுன்ன! கல்யாணம் வைக்கணும்ன!"

"சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன்டி?"

"உங்களை நம்பி ஒரே ஒரு தேதியைக் குறிக்க முடியுமா? அதான் ஒரு வருஷத்தைக் கையில வச்சுக்கிட்டேன்."

"அப்ப குருக்கள்?"

"அவருக்குத் தெரியும். இம்மானுவேல் அண்ணனுக்குத் தெரியும். அமலுக்குத் தெரியும். தீவுல உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

"மணி அடிக்காம இருந்திருந்தா?"

"அறுபது பிறக்குறதுக்குன்னு ஒரு சாந்தி இருக்காம். அதைப் பண்ணிட்டு, அடுத்த வருஷம் இன்னொரு தடவை கழுத்தை நீட்டியிருப்பேன். ரெண்டு தடவை கட்டுனா வலிக்கவா போகுது?"

பூவலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கனி சிரிக்கவில்லை.

"உங்க அப்பா காரியத்துக்கு நீங்க இல்லாமப் போனது என்னாலதான்" என்றாள். "அந்தப் பதினாறாம் நாளை என்னால திருப்பித் தர முடியாது. அன்னைக்கு நீங்க அந்த மறுப்புச் சீட்டுல கையெழுத்துப் போட்டிருந்தா, அப்பா காரியத்துக்கு இருந்திருப்பீங்க, நான் இல்ல. இந்தத் தடவை தவமணிக்காக நீங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும். போகாம இருந்திருந்தாதான் நான் பேசாம இருந்திருப்பேன். போறதும் போகணும், கல்யாணமும் போகக் கூடாது. வேற எப்படிங்க பண்ணுறது?"

இத்தனை வருடமாகத் தான் ஒருவர்தான் நேரத்தை வளைத்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். தரையில் உட்கார்ந்தபடியே ஒருத்தி ஒரு முழு வருடத்தை மடித்து இடுப்பில் செருகி வைத்திருக்கிறாள். அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்று நினைத்தபோது அவருக்குத் தலை குனிந்தது. ஆனாலும் மனது நிறைந்திருந்தது. இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்து பொழுது சாயும் வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆனி உத்திரத்தன்று முருகன் கோயிலில் இடம் போதவில்லை. கனி அழைத்தது நூறு பேரை, வந்தது ஆயிரத்துக்கு மேல். தவமணிதான் பந்தியை நடத்தினாள், குருசாமி வாழை இலை வெட்டினான். வடிவு அப்பாவுக்குத் தலையில் வெள்ளை மை தீட்டுவேன் என்று அடம் பிடித்துக் கனியிடம் திட்டு வாங்கினாள். கனி முடிக்குச் சாயம் போடவில்லை. நரைத்த தலையில் முல்லைப்பூ வைத்துக்கொண்டு மணையில் வந்து உட்கார்ந்தபோது பூவலிங்கத்துக்கு அவளை முதல் முறை பார்ப்பது போல் இருந்தது. தாலி கட்டினார். அட்சதை மழையாக விழுந்தது.

அன்று காலையில்தான் இம்மானுவேல் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார், அதன் அக்காளும் தம்பியும் கனி வீட்டில் இருந்தார்கள். மூன்றாவது விமானி உப்பூரணியிலிருந்து மறுநாள்தான் திரும்புவார். எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு காதை விமான நிலையத்தின் பக்கமே வைத்திருந்தார்கள். இரண்டாம் பந்தியில் பாயசம் பரிமாறும்போது மணி அடித்தது.

சவேரியார் என்று ஒரு கிழவர், துறைமுகத்தில் பாரம் ஏற்றுகிறவர். மூளையில் ரத்தக்கசிவு. பூவலிங்கம் கனியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே எழுந்து சேலையை உதறிக்கொண்டிருந்தாள்.

ஓடுபாதையில் அமலோற்பவம் காகிதத்தைப் புரட்டினாள். "அண்ணே, இவருக்குச் சொந்தபந்தம் ஒருத்தரும் இல்லையாம். துணை சீட்டு காலி. யாராவது சம்மதிச்சா ஏத்தலாம்."

பூவலிங்கம் வேலியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் கனி வாயிலைத் தாண்டி வந்துவிட்டாள், கழுத்தில் மாலையோடு.

"வீட்டுல புள்ளைங்க?" என்றார்.

"நாங்க பாத்துக்கிடுதோம்ணே!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தவமணி கத்தினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். அத்தனை பேரும் ஒரு காலத்தில் கனி வீட்டில் சோறு தின்றவர்கள். "நீங்க அக்காவைக் கூட்டிட்டுப் போங்க, பதினெட்டு நாளும் நாங்க இருக்கோம்!"

சுருக்குக்குள் நுழைந்ததும் ஜன்னல் வெளுத்தது. கனி சவேரியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். முதல் தடவை வந்தபோது அவளுக்கு நினைவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாதது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது போல் தெரிந்தது. அமலோற்பவம் கிழவரின் நாடி சீராக இருக்கிறது என்று சைகை காட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பூவலிங்கம் இருக்கையைத் திருப்பினார். "கனி, நீ இல்லேன்னா நான்..."

"பேசாம வண்டியைப் பாத்து ஓட்டுங்க."

"இப்ப ஓட்டக் கூடாது. நடுவுல பதினொரு நிமிஷம் எதையும் தொடக் கூடாதுன்னு விதி. கைகட்டிச் சும்மா உக்காரணும்."

"சும்மாவா? முப்பத்து மூணு வருஷமா இங்க சும்மாவா உக்காந்திருந்தீங்க?"

"உன்கிட்ட என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

கனி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சொல்லுங்க" என்றாள்.

பூவலிங்கம் சொல்லத் தொடங்கினார். எதையும் விடாமல் சொன்னார், நன்றி என்ற அந்த வார்த்தை உட்பட. அவர் சொல்லி முடித்தபோது கீழே உலகத்தில் எட்டரை நாள் கழிந்திருந்தது.